ஆணித் திடலில் ஓடிய புல்வண்டி

நந்தகோபால் எட்டு வருடங்களாகத் தோலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஆம்பூருக்கு வெளியே, ரயில் பாதைக்கும் பாலாற்றுக்கும் நடுவில் இருந்த முக்தார் அகமது சாயபுவின் தோல் பதனிடும் தொழிற்சாலையில் அவர் கடிதக் குமாஸ்தா. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போகிற கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதித் தட்டச்சு செய்வது அவர் வேலை. குடியாத்தத்தில் கைலி நெய்கிற குடும்பத்தில் பிறந்தவர். தினமும் காலை பஸ்ஸில் வருவார், முன்வாசல் வழியாக அலுவலக அறைக்குள் நுழைவார், சாயங்காலம் அதே வழியாகத் திரும்பிப் போவார். தோல் ஊறும் தொட்டிகள் இருக்கும் பக்கமிருந்து காற்று அடித்தால் எழுந்து ஜன்னலைச் சாத்துவார்.

1961-ஆம் வருடம் ஐப்பசி மழை விட்ட வாரத்தில், மதராஸ் துறைமுகத்திலிருந்து அரக்கோணம் வழியாக கூட்ஸ் வண்டியில் ஒரு பெரிய மரப்பெட்டி வந்து சேர்ந்தது. அனுப்பியவர் ஹாட்லி என்ற அமெரிக்கர். சாயபுவிடம் வருடா வருடம் ஆட்டுத்தோல் வாங்குகிறவர். போன குளிர்காலத்தில் வந்திருந்தபோது, தொழிற்சாலைக்குப் பக்கத்துத் திடலில் நான்கு பெண்கள் குந்தி உட்கார்ந்து அரிவாளால் புல் அறுப்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போனதும் நினைவாக ஒரு பரிசை அனுப்பிவிட்டார். ஜனவரியில் மறுபடி வருவதாகவும், இயந்திரம் ஓடுவதைப் பார்க்க ஆசைப்படுவதாகவும் கடிதத்தில் எழுதியிருந்தார்.

பெட்டிக்குள் இருந்தது புல் வெட்டும் வண்டி. தள்ளுகிற மாதிரி அல்ல, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி. சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தது. நான்கு சின்ன ரப்பர் சக்கரம், ஒரு இரும்பு இருக்கை, இருக்கைக்குப் பின்னால் பெட்ரோல் இன்ஜின். வண்டியின் வயிற்றுக்கு அடியில் கவிழ்த்த தாம்பாளம் போல ஒரு மூடி. அந்த மூடிக்குள் கை நீளத்தில் ஒரு கத்தி. இன்ஜின் ஓடும்போது அது படுத்தவாக்கில் சுற்றும். வெட்டுப்பட்ட புல் மூடியின் வலப்பக்கம் இருக்கும் வாய் வழியாக வெளியே வந்து விழும்.

தொழிற்சாலையின் மிஸ்திரி ஜியாவுதீன் ஒரே நாளில் அதைப் பூட்டிவிட்டார். இருபது வருடமாக எந்த இயந்திரமும் அவர் கையில் ஓடாமல் நின்றதில்லை. பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. அதை எடுத்து நந்தகோபாலின் மேஜை மேல் போட்டார்.

"இது உங்க டிபார்ட்மென்ட்டு சாப். எனக்கு வண்டி போதும்."

மறுநாள் காலை திடலில் கூட்டம் கூடிவிட்டது. ஜியாவுதீன் கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பி, இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கத்தியைச் சுழல வைக்கும் கைப்பிடியைத் தள்ளினார். முழங்கால் உயரப் புல் அவர் முன்னால் மடிந்து, வலப்பக்கம் பச்சையாகப் பீய்ச்சிக்கொண்டு விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். இருபதடி போயிருப்பார். "டங்" என்று ஒரு சத்தம். அடுத்த கணம் திடலோரத்து வேப்பமரத்தில் "சத்" என்று இன்னொரு சத்தம்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஜியாவுதீன் இன்ஜினை நிறுத்தி, சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். கூட்டமும் வண்டியைத்தான் பார்த்தது. ஒரே ஒருத்தி மட்டும் மரத்தை நோக்கி நடந்தாள்.

அவள் செண்பகம். திடலில் புல் அறுக்கும் நான்கு பெண்களில் ஒருத்தி, நாற்பது வயதுக்காரி. அறுத்த புல்லைத் தன் இரண்டு எருமைகளுக்குக் கட்டிக்கொண்டு போவாள். மரத்தைத் தடவிப் பார்த்தவள், ஓர் இடத்தில் விரலை வைத்தபடி அங்கேயே நின்றாள். பிறகு தன் மார்பைத் தொட்டு உயரம் பார்த்தாள்.

"மிஸ்திரி பாய், இங்க வந்து பாருங்க. ஆணி."

தோலை விரித்துப் பலகையில் அடிக்கிற ஆணி அது. பாதிக்கு மேல் மரத்துக்குள் இறங்கியிருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்பு வரை அந்தத் திடலில்தான் தோல்களைப் பலகையில் ஆணி அடித்துக் காயப்போடுவார்கள். புதுக் கொட்டகை கட்டிய பிறகு பலகைகள் உள்ளே போய்விட்டன. உதிர்ந்த ஆணிகள் மண்ணிலேயே கிடந்து, மேலே புல் முளைத்துவிட்டது.

செண்பகம் மரத்திலிருந்து வண்டி வரைக்கும் காலடி வைத்து அளந்தாள். முப்பத்தெட்டு அடி. அந்த நேர்க்கோட்டில் சற்று முன்பு யார் யார் நின்றிருந்தார்கள் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

முக்தார் அகமது சாயபு விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கினார். போன வருடம்தான் காசி என்ற தொழிலாளி தோல் சீவும் இயந்திரத்தில் இரண்டு விரலை இழந்திருந்தான். அவனை வேலூர் வரை காரில் தூக்கிப் போனவர் சாயபுதான். வழி நெடுக அவனுடைய கையைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்.

"அந்தப் புத்தகத்துல இன்னா இருக்குன்னு முழுசாத் தமிழ்ல எழுதுங்க. எழுதி முடியற வரைக்கும் யாரும் அதுமேல ஏறக் கூடாது" என்றார் நந்தகோபாலிடம்.

புத்தகத்தில் பதினான்கு விதிகள் இருந்தன. நந்தகோபால் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டே நாளில் தமிழில் எழுதி முடித்தார். சுத்தமான தமிழ். தனக்கே திருப்தியாக இருந்தது. மூன்றாம் நாள் வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போய், ஜியாவுதீன் முன்னால் நின்று படித்தார். புல் கட்டை இறக்கி வைத்துவிட்டுச் செண்பகமும் ஓரமாக வந்து உட்கார்ந்தாள்.

"விதி ஒன்று. வெட்டும் முன் தரையில் உள்ள கல், கம்பி, எலும்பு முதலியவற்றை அகற்றவும்."

"அது சரி. அதான் பாத்தமே" என்றாள் செண்பகம்.

"விதி இரண்டு. அருகில் நிற்போரை விலக்கவும்."

"எம்மாந்தூரம் விலக்கணும்?"

நந்தகோபால் புத்தகத்தைப் புரட்டினார். "தூரம் போடலை."

"அப்போ நம்ம ஆணி சொன்னதை வெச்சுக்கலாம். முப்பத்தெட்டுக்கு ரெண்டு பங்கு. மேல?"

"விதி மூன்று. சரிவான இடத்தில் குறுக்காக ஓட்டக் கூடாது. மேலிருந்து கீழும், கீழிருந்து மேலுமாகவே ஓட்ட வேண்டும்."

ஜியாவுதீன் சிரித்துவிட்டார். "அரே, தலைகீழா இருக்குதே! மாட்டு வண்டிய மேட்டுல குறுக்கால சாய்ச்சுத்தான் ஏத்துவாங்க. நேரா ஏத்துனா மாடு திணறும். நீங்க மாத்தி எழுதிட்டிருப்பீங்க."

"இல்ல பாய், அப்படித்தான் போட்டிருக்கு."

"ஏன் அப்டி?" என்றாள் செண்பகம்.

"புத்தகத்துல போட்டிருக்கும்மா. ஏன்னு கேட்டா நான் எங்க போவேன்?"

"எழுதனவனுக்கு ஏன்னு தெரியும் ரைட்டரய்யா. நமக்குத் தெரியாட்டி, நாலு நாளு ஞாபகம் இருக்கும். அஞ்சாம் நாளு பாயும் குறுக்கால போவாரு, நீங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்க."

நந்தகோபாலுக்குச் சுருக்கென்றது. கோபம் வரவில்லை. உண்மையிலேயே ஏன் என்று அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. இரண்டு நாள் அந்த வாக்கியத்தோடு உட்கார்ந்திருந்தவர் அவர். ஒரு தடவைகூட அந்தக் கேள்வி அவருக்கு வந்ததில்லை.

திடலின் ஆற்றுப்பக்க ஓரம் கரையாகச் சரிந்து இறங்கும். அங்கே சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இன்ஜின் ஓடக் கூடாது, ஆளும் ஏறக் கூடாது. ஆளுக்குப் பதில் ஒரு மூட்டை. ஆளின் எடைக்கு மூட்டை கட்ட வேண்டுமே என்று மூன்று பேரும் பட்டைக் கொட்டகைக்குப் போனார்கள். நந்தகோபால் அந்தப் பக்கம் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தோல் பதனிடுவதற்காகக் கூரை வரை குவித்திருந்த ஆவாரம்பட்டையை அவர் அண்ணாந்து பார்த்தார். அதன் வாசனை அவர் நினைத்திருந்தது போல் இல்லை. காய்ந்த தேயிலை மாதிரி இருந்தது. பட்டை நிறுக்கும் தராசில் செண்பகம் தானே ஏறி உட்கார்ந்தாள். நூற்றிரண்டு ராத்தல். அதே எடைக்குப் பட்டையைச் சாக்கில் நிரப்பிக் கொண்டுவந்தார்கள்.

வண்டியைக் கரையில் குறுக்காக நிறுத்தி, மூட்டையை இருக்கையில் வைத்து, முன்னும் பின்னும் கயிறு கட்டி மெல்ல இழுத்தார்கள். பத்தடி வரை ஒன்றும் ஆகவில்லை. ஜியாவுதீன் "பாத்தீங்களா" என்று வாயைத் திறந்தார். பள்ளத்துப் பக்கச் சக்கரம் ஒரு சின்னக் குழியில் இறங்கியது. மேட்டுப் பக்கச் சக்கரங்கள் இரண்டும் சத்தமில்லாமல் தரையை விட்டு எழுந்தன. மூட்டை சாய்ந்து, வழுக்கி, உருண்டு, கரைக்குக் கீழே முள்செடிக்குள் போய் விழுந்தது. கயிற்றை விட்டிருந்தால் வண்டியும் அதன் மேல் போய் விழுந்திருக்கும்.

மூவரும் கீழே கிடந்த சாக்கைப் பார்த்தபடி நின்றார்கள்.

"அது நானு" என்றாள் செண்பகம்.

அடுத்து வண்டியை மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தார்கள். மூட்டை அசையவில்லை. மாட்டு வண்டிக்கு அகலம் அதிகம், இதற்கு அகலம் கம்மி, பாரமோ மேலே இருக்கிறது என்று ஜியாவுதீன் குச்சியால் மண்ணில் படம் போட்டு விளக்கினார். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "அடுத்த விதி படிங்க சாப்!"

நான்காம் விதி, இறங்கும் முன் கத்தியை நிறுத்தச் சொன்னது. கைப்பிடியை இழுத்தால் கத்தி நின்றுவிடும் என்பது ஜியாவுதீன் கட்சி. நிற்கவில்லை, மூடிக்குள் ஏதோ இன்னும் சுற்றுகிற சத்தம் கேட்கிறது என்பது செண்பகத்தின் கட்சி. நீளமான மூங்கில் கழி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இன்ஜினை ஓடவிட்டு, கைப்பிடியை இழுத்த நொடியிலிருந்து செண்பகம் எண்ணினாள். ஐந்தில் கழியைப் புல் விழும் வாய்க்குள் நீட்டியதும் நுனி தெறித்துப் போயிற்று. ஒன்பதில் நீட்டியபோது கழியின் மேல்தோலைச் சீவிக்கொண்டு போனது. பதிமூன்றில் "டொக்" என்று தட்டி நின்றது. பதினைந்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

"இருபது எண்ணிட்டு இறங்கணும்" என்றாள். நந்தகோபால் நான்காம் விதிக்குக் கீழே அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் அவர் நாற்காலி பாதி நேரம் காலியாக இருந்தது. சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது என்பதற்கு ஜியாவுதீனே விளக்கம் தந்தார். ஒரு சொட்டுத் தண்ணீரை இன்ஜின் மேல் விட்டு, அது "சுர்" என்று துள்ளி மறைவதைக் காட்டினார். பின்னால் ஓட்டும்போது திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதை யாரும் சோதிக்கவில்லை. இரண்டாவது ஆளை ஏற்றக் கூடாது என்பதற்கு, மூட்டை விழுந்த முள்செடியைக் கை காட்டினாள் செண்பகம்.

ஆணிகளைப் பொறுக்க ஜியாவுதீன் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய ஒலிபெருக்கிகளைப் பிரித்து, அவற்றின் காந்தங்களை ஒரு மரச்சட்டத்தில் வரிசையாகக் கட்டினார். நான்கு பெண்களும் மாற்றி மாற்றி அதைத் திடல் முழுக்க இழுத்தார்கள். பத்து நாளில் இரண்டு மண்ணெண்ணெய் டின் நிறைய ஆணி சேர்ந்தது. காந்தத்துக்குச் சிக்காத கொம்புத் துண்டையும் எலும்பையும் கையால் பொறுக்கினார்கள்.

பிறகு யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தது. ஜியாவுதீன்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் தொழிற்சாலைக்குள் தோல் உருட்டும் பீப்பாய் ஒன்று சக்கரப் பல் உடைந்து நின்றது. வாரத்துக்கு இரண்டு நாள் புல் வெட்டிக்கொண்டிருந்தால் தொழிற்சாலை வேலையை யார் பார்ப்பது என்று அவரே சாயபுவிடம் சொன்னார். செண்பகம் அலுவலக வாசலில் வந்து நின்றாள்.

"மொதலாளி, நான் ஓட்டட்டுங்களா?"

சாயபு கண்ணாடியைக் கழற்றினார். "பொம்பளை வண்டி ஓட்டுனா ஊர்ல இன்னா பேசுவாங்கம்மா?"

"இன்னா பேசுவாங்க? நான் புல்லு அறுக்குறதைப் பதினோரு வருசமாப் பாக்குறாங்க. இனிமே ஒசரத்துல உக்காந்து அறுக்கப் போறேன். அவ்ளோதான்."

சாயபு நந்தகோபாலைப் பார்த்தார். நந்தகோபால், "பதினாலு விதியும் அந்தம்மாவுக்கு மனப்பாடம். எனக்கே அவ்வளவு தெரியாது" என்றார்.

"மத்த மூணு பேருக்கும் வேலை?"

"வெட்டின புல்லை வாரணுமே மொதலாளி. வண்டி வாராது. முன்ன மாதிரி கூலி, முன்ன மாதிரி புல்லு."

சாயபு சரி என்றார். காற்றில் பறக்கும் உடை கூடாது என்று ஆறாம் விதி சொன்னது. செண்பகம் நாற்று நடுகிறவர்கள் போலச் சேலையை இழுத்துச் செருகி, அதன் மேல் தொட்டி ஆட்கள் கட்டும் தோல் முன்துணியைக் கட்டிக்கொண்டாள். காலுக்கு மூடிய செருப்பு வேண்டும். பக்கத்துச் செருப்புத் தொழிற்சாலையில் ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்துப் போட்ட ஆண்கள் பூட்ஸ் ஒரு ஜோடியை நந்தகோபால் தேடிக் கொடுத்தார். பிறந்ததிலிருந்து காலில் எதுவும் மாட்டாதவள் அதைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் மூன்று நாள் நடந்து பழகினாள்.

"ரைட்டரய்யா, தரை எங்க இருக்குதுன்னே தெரியல. நீங்கல்லாம் எப்டி நடக்குறீங்க?"

கார்த்திகை பிறந்த வாரத்தில் அவள் வண்டியில் ஏறினாள். முதல் நாள் ஓட்டம் ஆட்டம் பாட்டம் இல்லாமல் நடந்தது. தாழ்ந்த கியரில், ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, நேர்க்கோட்டில் போனாள். கோடு முடிந்ததும் கத்தியை நிறுத்தி, திரும்பி, மறுபடி கத்தியை விட்டு அடுத்த கோடு. வேடிக்கை பார்க்க வந்தவர்களை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அரை மணியில் சலித்துவிட்டது. வீட்டுக்குப் போனார்கள். எருமைகள் முதல் நாள் அந்தப் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டனவாம். பெட்ரோல் வாசனை போலிருக்கிறது. ஒரு நாள் வெயிலில் உலர்த்திப் போட்டதும் தின்றனவாம்.

மூன்றாவது வாரம் இரண்டு நாள் தூறல் பிடித்தது. ஈரப் புல்லை வெட்டக் கூடாது என்பது பத்தாம் விதி. தூறல் விட்டு ஒரு நாள் காத்திருந்து, மேலே காய்ந்துவிட்டது என்று நம்பி வண்டியை எடுத்தார்கள். மேலேதான் காய்ந்திருந்தது. வேரடியில் ஈரம். பாதித் திடலில் வண்டி முக்கியது. புல் விழும் வாய் பச்சைச் சாந்து போல அடைத்துக்கொண்டது. இன்ஜின் உறுமியது, ஆனால் கத்தி சுற்றவில்லை. செண்பகம் வண்டியை நிறுத்தினாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கைப்பிடியும் தள்ளினபடியே இருந்தது.

வேலை இடைவெளியில் வந்திருந்த ஜியாவுதீன் கிட்டே வந்து குனிந்தார்.

"கத்தி நின்னே போச்சு. பாரு, அசையவே இல்ல. நான் எடுத்து விட்றேன்" என்று சட்டைக் கையைச் சுருட்டினார்.

"இரு பாய்" என்றாள் செண்பகம்.

"நின்ன கத்திக்கு இன்னா இருபது எண்றது?"

"நின்னுச்சா, நிறுத்தி வெச்சிருக்குதா? அதான் எனக்குத் தெரியல. இரு."

அவரைத் தடுக்கிற அவசரத்தில் கைப்பிடியை இழுக்க மறந்து அவள் இறங்கி, சுற்றி வந்து, அவர் தோளைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினாள். வண்டியோடு கட்டி வைத்திருந்த மூங்கில் கழியை உருவிக்கொண்டு, எட்ட நின்று, அடைத்த வாய்க்குள் குத்தி நெம்பினாள். ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. இரண்டாவது கட்டி பெயர்ந்த மறு நொடி கத்தி "விர்" என்று உயிர் பெற்றது. மூங்கில் அவள் கையிலிருந்து பிடுங்கப்பட்டு, இரண்டாக முறிந்து, ஒரு துண்டு ஜியாவுதீனின் காலடியில் வந்து விழுந்தது.

செண்பகம் ஓடிப்போய் இன்ஜினை நிறுத்தினாள். திடல் அமைதியாகிவிட்டது. ஜியாவுதீன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் உதடு முணுமுணுத்தது. தொழுகை வார்த்தைகள் என்று தெரிந்தது.

அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்த நந்தகோபால் புத்தகத்தோடு ஓடி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். கேட்டதும், இதற்கு விதி இருக்க வேண்டுமே என்று பக்கத்தைப் புரட்டினார். இருந்தது. பன்னிரண்டாம் விதி. 'ஷூட்' அடைத்துக்கொண்டால், இன்ஜினை நிறுத்தி, தீப்பொறிக் கம்பியைக் கழற்றிய பிறகே அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியில் 'ஷூட்' என்பதற்கு 'சரிவான வழி' என்று போட்டிருந்தது. அவர் தமிழில் எழுதியது இது: 'சரிவான வழியில் அடைப்பு இருந்தால் இன்ஜினை நிறுத்தி, தீப்பொறிக் கம்பியைக் கழற்றிய பிறகே அகற்ற வேண்டும்.' கேட்டவர்கள் எல்லாரும் அதை ஆற்றங்கரைச் சரிவைப் பற்றியது என்றே எடுத்துக்கொண்டார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். கரையில் கல்லோ கட்டையோ கிடந்தால் என்று.

நந்தகோபால் ஈரத் தரையில் வேட்டியோடு மண்டியிட்டு, புத்தகத்தில் இருந்த படத்தை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படத்தில் ஒரு அம்புக்குறி. அந்தச் சொல்லிலிருந்து புறப்பட்டு, புல் விழும் வாய்க்கு நேராகப் போய் நின்றது. இரண்டு நாள் மேஜையில் வைத்துப் படித்தபோது அந்தப் படத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"பாய், இது என் தப்பு" என்றார். "வாய்னு எழுத வேண்டிய இடத்துல வழின்னு எழுதிட்டேன். பார்க்காம எழுதிட்டேன்."

ஜியாவுதீன் சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"நீங்க எழுதனது தப்புதான் சாப்" என்றார். "வண்டி ஓடிட்டிருக்கச்சே நான் கைய விடப் போனேனே, அது உங்க புத்தகம் சொல்லியா? இருபது வருச மிஸ்திரி நான்."

செண்பகம் முறிந்த மூங்கிலின் முனையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"இந்த மாதிரி இன்னும் எத்தினி சொல்லு இருக்குது ரைட்டரய்யா?"

அது குத்தலுக்குக் கேட்டது இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. நந்தகோபால் "தெரியாது" என்று ஒப்புக்கொண்டார்.

நடந்ததை அவரே போய்ச் சாயபுவிடம் சொன்னார். சாயபு திட்டவில்லை. சரியாகும் வரை வண்டி நிற்கட்டும் என்றார். வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்கு வார விடுமுறை. ஆனாலும் நந்தகோபால் பஸ் ஏறி வந்தார். இன்ஜினின் தீப்பொறிக் கம்பியை ஜியாவுதீன் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு விதியிலும் உள்ள ஒவ்வொரு சாமானையும் நந்தகோபால் குனிந்து தேடிக் கண்டுபிடித்து, விரலால் தொட்டு, அதற்கு ஜியாவுதீன் என்ன பெயர் சொல்கிறார், செண்பகம் என்ன பெயர் சொல்கிறாள் என்று கேட்டு எழுதினார். இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன. அவற்றில் ஒன்றால் ஆபத்து இல்லை. இன்னொன்று பெட்ரோல் தொட்டி மூடியைப் பற்றியது. அது என்றைக்காவது யாரையாவது சுட்டிருக்கும். "வாய்", "கத்தி மூடி", "பொறிக் கம்பி" என்று எல்லாம் பேச்சில் உள்ள பெயராகவே மாறின. அவருடைய சுத்தமான தமிழில் பாதிக்கு மேல் அடிபட்டுப் போயிற்று.

சாயங்காலம் கம்பியை மாட்டியதும் செண்பகம் இருக்கையைக் காட்டினாள்.

"ஏறுங்க. உக்காந்து பாக்காம எழுதுனா எப்டி?"

"எனக்கு சைக்கிளே சரியா வராதும்மா."

"இது விழாது. சமதரையில."

கத்தியைச் சுழல விடாமல், வெறும் வண்டியாக, நந்தகோபால் ஒரு சுற்றுப் போனார். இடுப்பெலும்பு வரை அதிர்ந்தது. திரும்புகிற இடத்தில் தேவைக்கு மேல் திருப்பி, எதிர்ப்பக்கமாகப் போய், ஜியாவுதீன் சிரித்துக்கொண்டே வழி சொல்ல, மறுபடி கோட்டுக்கு வந்தார். இறங்கும்போது அவர் உதடு அசைந்தது. இருபது வரை எண்ணுகிறார் என்பது தெரிந்து செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்தி சுற்றவே இல்லையே என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் ஹாட்லி வந்தார். உயரமான மனிதர், தலையில் வைக்கோல் தொப்பி. யாரும் சொல்லாமலே வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஏன் இவ்வளவு தூரம் என்று அவர் கேட்டார். ஜியாவுதீன் மரத்தில் இருந்த ஆணியைக் காட்டினார். ஹாட்லி அதை விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. அதன் பிறகு அவர் மரத்துக்கு முன்னால் வரவில்லை.

தோல் முன்துணியும் ஆண்கள் பூட்ஸும் போட்ட பெண் ஒருத்தி வண்டியில் ஏறியதும் படம் எடுக்கத் தொடங்கினார். செண்பகம் ஆறு கோடு ஓட்டிக் காட்டினாள். இறங்கி வந்தபோது, ஓட்டுவதில் எது கடினமாக இருக்கிறது என்று அவளிடம் கேட்கச் சொன்னார். நந்தகோபால் கேட்டார்.

"பூட்ஸுதான்" என்றாள். "நான் ஒண்ணு கேக்கலாமா அவரை?"

"கேளு."

"அவங்க ஊர்ல வீட்டுக்கு வீடு இந்த வண்டி இருக்குதாமே. அவ்ளோ புல்லையும் வெட்டி இன்னா பண்றாங்க? எருமைங்களா, பசுவா?"

நந்தகோபால் கேட்டுச் சொன்னார். மாடு எல்லாம் பண்ணைகளில்தான், வீடுகளில் கிடையாது. வெட்டிய புல்லை அப்படியே விட்டுவிடுவார்கள், இல்லை வாரிக் கொட்டிவிடுவார்கள்.

செண்பகம் தப்பாகக் காதில் விழுந்துவிட்டதோ என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கொட்டிடுவாங்களா? அப்போ எதுக்கு வெட்றாங்க?"

இந்தக் கேள்வியை மொழிபெயர்ப்பதற்கு முன் நந்தகோபால் ஒவ்வொரு சொல்லையும் ஒரு தடவை யோசித்துக்கொண்டார். ஹாட்லி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பதில் சொல்லத் தொடங்கினார், நிறுத்தினார், மறுபடி தொடங்கினார். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"பாக்க அழகா இருக்குமாம்" என்றார் நந்தகோபால்.

செண்பகம் திரும்பித் திடலைப் பார்த்தாள். அவள் ஓட்டிய ஆறு கோடுகளும் ஒன்று வெளிர்பச்சை, ஒன்று கரும்பச்சை என்று மாறி மாறி, ஆற்றங்கரை வரைக்கும் நீண்டு கிடந்தன. கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இருக்குது" என்றாள். பிறகு புல் வாரக் காத்திருந்த மூன்று பெண்களையும் வரச் சொல்லிக் கை காட்டினாள்.